தீப்பெட்டியும் இரட்டை இறக்கையும்



1910-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சென்னைத் தீவுத்திடலில் கூடிய மக்கள் ஒரு புதுமையைக் கண்டனர். மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி ஆஞ்ஜெலிஸ் என்னும் ஐரோப்பியர், தாமே வகுத்த திட்டப்படி, குதிரை வண்டிகளும் மோட்டார் வண்டிகளும் கட்டுவதில் பேர்பெற்ற சிம்ப்ஸன் கம்பெனியின் துணைகொண்டு ஓர் ஆகாய விமானத்தைக் கட்டியிருந்தார். பல்லாவரத்தில் அதைச் சோதித்துப் பார்த்தபின், பொதுமக்கள் முன்னிலையில் தீவுத்திடலில் பறந்து காட்டினார். ரைட் சகோதரர்கள் முதன்முதலாகப் பறந்த 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாளுக்கும் இதற்கும் இடையே ஆறு ஆண்டும் மூன்று மாதமுமே சென்றிருந்தன. மிட்டாயும் ரொட்டியும் விருந்தும் தொழிலாகக் கொண்ட ஒருவர், தச்சரையும் கொல்லரையும் வைத்துக்கொண்டு, நம் மாநிலத் தலைநகரில் இதைச் செய்தார் என்பதை நம் பாடப் புத்தகங்கள் போதிய அளவு சொல்வதில்லை.

இங்கே ஒரு சொல் இடையில். அந்த 1903-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள்தான் நம் விருதுபட்டியில் காமராசர் பிறந்தார். ஆண்டுகளை இப்படி இரண்டிரண்டாக முடிச்சுப் போட்டு வைப்பது என் பழைய வகுப்பறை வழக்கம். முடிச்சில் ஒரு நுனி கைக்குக் கிடைத்தால் மறுநுனி தானே வரும்.

டி ஆஞ்ஜெலிஸ் கட்டியது இரட்டை இறக்கை விமானம். அதாவது ஓர் இறக்கையின் மேல் மற்றோர் இறக்கை, இடையே கால்கள், கால்களுக்குக் குறுக்கே கம்பிகள். 1909-ஆம் ஆண்டு ஜூலையில் ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த பிளேரியோவின் விமானமோ ஒற்றை இறக்கையுடையது. அந்தச் செய்தி உலகெங்கும் பரவிப் பறக்கும் ஆசையைப் பலருக்கும் ஊட்டியிருந்தது. ஆயினும் அக்காலத்தில் விமானம் கட்டியவர்களில் மிகப் பலர் ஒற்றை இறக்கையை விட்டு இரட்டை இறக்கையையே நாடினர். ஏன்? இந்தக் கேள்விக்கு விடை காண நாம் சிவகாசியில் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். அது ஒரு காலித் தீப்பெட்டி.

அடிப்பெட்டியை வெளியே தள்ளிவிடுங்கள். கையில் எஞ்சுவது இருபுறமும் திறந்த மேல்பெட்டி. அதன் மேற்புறத்தை மேல் இறக்கை என்றும், கீழ்ப்புறத்தைக் கீழ் இறக்கை என்றும், மருந்து பூசிய இரு பக்கங்களையும் இறக்கைகளைத் தாங்கும் கால்கள் என்றும் கருதுங்கள். மெல்லிய அட்டை ஒன்றை மட்டும் நீட்டிப் பிடித்தால் அது தன் எடையாலேயே தொங்குகிறது. அதே அட்டை பெட்டியாக மடிக்கப்பட்டதும் விறைத்து நிற்கிறது. இரயில் பாலங்களின் இரகசியமும் இதுவே. 1914-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தின் தூக்குப் பகுதியைப் படத்திலேனும் பார்த்திருப்பீர்கள். மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம், நடுவே நெட்டாகவும் குறுக்காகவும் இரும்புகள். உறுப்புகள் ஒவ்வொன்றும் மெலிந்தவை. கூட்டு மிக வலியது. அமெரிக்காவில் இரயில் பாலங்கள் கட்டிய ஆக்டேவ் சனூட் என்னும் பொறியியலார், 1896-ஆம் ஆண்டு தாம் செய்வித்த மிதவை விமானத்துக்கு இந்தப் பாலச் சட்டத்தையே அமைப்பாகக் கொண்டார். அவருக்குப் பின் வந்தவர்கள் அந்த வழியையே பற்றினர். அந்நாளைய எஞ்சின்கள் வலிமை குன்றியவை. ரைட் சகோதரரின் எஞ்சினுக்குப் பன்னிரண்டு குதிரைச் சக்திதான். ஆகவே இறக்கையின் பரப்பு மிகுதியாகவும் எடை குறைவாகவும் இருக்கவேண்டிய கட்டாயம். மரமும் துணியும் கம்பியும் கொண்டு அதைச் சாதிக்க இரட்டை இறக்கையைவிட எளிய வழி அன்று இல்லை.

மேல்பெட்டியை இன்னும் கீழே வைத்துவிடாதீர்கள். அதன் இரு நுனிகளையும் இரு கைகளால் பிடித்துத் துணியைப் பிழிவதுபோல் சற்றே முறுக்குங்கள். பெட்டி நசுங்காமலேயே ஒரு முனை மேல்நோக்கியும் மறுமுனை கீழ்நோக்கியும் திரும்புகிறது அல்லவா? 1899-ஆம் ஆண்டு டேட்டன் நகரில் தம் சைக்கிள் கடையில் நின்றிருந்த வில்பர் ரைட், வாடிக்கைக்காரர் ஒருவர் டியூப் வாங்கிய பின் கையில் எஞ்சிய நீண்ட அட்டைப் பெட்டியை இப்படித்தான் முறுக்கிப் பார்த்தார். பறவை காற்றில் சாய்ந்து திரும்பும்போது இறக்கை நுனிகளை முறுக்குவதை அவர் முன்பே கவனித்திருந்தார். இரட்டை இறக்கை யந்திரத்தையும் அவ்வாறே கயிறுகளால் முறுக்கிச் சாய்க்கலாம் என்பது அந்த அட்டைப் பெட்டியில் அவருக்குத் துலங்கிற்று. உடனே அவர் விமானம் கட்ட ஓடவில்லை. அந்தக் கோடையிலேயே ஐந்தடி அகலமுள்ள இரட்டை இறக்கைப் பட்டம் ஒன்றைச் செய்து, நான்கு கயிறுகளால் அதை முறுக்கிப் பறக்கவிட்டுத் தம் எண்ணம் சரியா என்று பார்த்தார். விமான வரலாற்றில் மனிதன் ஏறிச்செல்லும் யந்திரத்துக்கு முன்னே நிற்பது இந்த மாதிரிப் பட்டந்தான்.

1901-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது இதைவிட முக்கியமானது என்பது என் அபிப்பிராயம். அவ்வாண்டு அவர்கள் செய்த பெரிய மிதவை விமானம் கணக்குப்படி தூக்கவேண்டிய எடையைத் தூக்க மறுத்தது. அதுவரை பிறர் வெளியிட்டிருந்த அட்டவணைகளை நம்பியே அவர்கள் கணக்கிட்டிருந்தனர். சோர்வடைந்து ஊர் திரும்பியவர்கள், ஆறடி நீளமுள்ள மரப்பெட்டி ஒன்றைச் செய்து, அதன் ஒரு முனையில் விசிறி வைத்துக் காற்றைச் செலுத்தினர். உள்ளே விரல் நீளமுள்ள தகட்டு இறக்கைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, எது எவ்வளவு தூக்குகிறது என்று அளந்தனர். ஏறக்குறைய இருநூறு வடிவங்கள்! ஆளை ஏற்றிக் கொல்லாமல், பணத்தை அழிக்காமல், ஒரு குளிர்காலத்துக்குள் உண்மை வெளிப்பட்டது. மாதிரி என்பது குழந்தை விளையாட்டு என்று யாரேனும் சொன்னால் அந்த மரப்பெட்டியை அவருக்கு நினைவூட்டுங்கள்.

குழந்தை விளையாட்டுத்தான் என்றாலும் தவறில்லை. 1878-ஆம் ஆண்டு, சிறுவர்களாயிருந்த வில்பருக்கும் ஆர்விலுக்கும் அவர்கள் தந்தையார் ஊரிலிருந்து ஒரு பொம்மை வாங்கி வந்தார். தக்கை, மூங்கில், காகிதம் இவற்றாலான அது, முறுக்கிய ரப்பர்த் துண்டின் விசையால் சுழன்று கூரை வரை எழும்பும். அதை வகுத்தவர் பிரெஞ்சு நாட்டு இளைஞர் அல்ஃபோன்ஸ் பெனோ. 1871-ஆம் ஆண்டு பாரிஸ் நகரத் தோட்டமொன்றில், ரப்பர் விசையால் செல்லும் சிறு விமான மாதிரியைப் பலர் காணப் பறக்கவிட்டவரும் அவரே. பெரிய விமானத்துக்கு ஆதரவு கிடைக்காமல் முப்பது வயதிலேயே அவர் வாழ்வு முடிந்தது. அவருடைய பொம்மையோ கடல் தாண்டிப் போய்த் தன் வேலையைச் செய்தது. மூங்கில், காகிதம், பசை: நம் வாணவெடித் தொழிலுக்கு இம்மூன்றும் புதியனவா?

ரைட் சிறுவர்கள் அந்தப் பொம்மையைப் பார்த்துத் தாமும் செய்தனர். பிறகு இன்னும் பெரியதாகச் செய்தனர். பெரிதாகச் செய்யச் செய்ய அது பறக்க மறுத்தது. காரணம் அப்போது அவர்களுக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும். நீளத்தை இரு மடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்காகிறது. கன அளவு, ஆகவே எடை, எட்டு மடங்காகிறது. இறக்கையின் தூக்குந்திறன் பரப்பைப் பொறுத்தது, தூக்கவேண்டியதோ எடையை. பெரிதாக்கினால் எடை முந்திக்கொள்ளும். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதி விளக்கினால் பாதி வகுப்பு தூங்கும். கையில் ஒரு மாதிரியைக் கொடுத்தால் தூங்காது.

இனி, அளவு மாதிரி என்பது எது எனப் பார்ப்போம். விமானத்தைப்போல் தோன்றும் பொம்மை ஒன்று. விமானத்தின் ஒவ்வோர் அளவையும் ஒரே விகிதத்தில் சுருக்கிச் செய்வது மற்றொன்று. பின்னதே அளவு மாதிரி. 1932-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் 'ஸ்கைபேர்ட்ஸ்' என்ற பெயரில் மரத்தாலான விமான மாதிரிப் பொட்டலங்கள் விற்பனைக்கு வந்தன. அவற்றை வகுத்த ஜேம்ஸ் ஹே ஸ்டீவன்ஸ், எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்ற விகிதத்தைக் கொண்டார். எழுபத்திரண்டு ஏன் என்று வியக்கவேண்டாம். ஆறடிக்கு எழுபத்திரண்டு அங்குலம். ஆறடி உயர ஆள் இந்த விகிதத்தில் சரியாக ஓர் அங்குலம் நிற்பான். அடி அங்குலக் கணக்கில் வளர்ந்த நாட்டுக்கு எளிய விகிதம் அது. மெட்ரிக் முறை வந்த பிறகும் உலகம் அதைக் கைவிடவில்லை.

1936-ஆம் ஆண்டு 'ஃபிராக்' என்னும் கம்பெனி அதே விகிதத்தில் பிளாஸ்டிக் பாகங்களைப் பெட்டியிலிட்டு விற்றது. அவர்களுடைய பறக்கும் மாதிரிகளிலிருந்து வேறுபடுத்த, பறக்காத இந்த மாதிரிகளுக்குப் 'பெங்குவின்' என்று பெயரிட்டனர். பறவைதான், ஆயினும் பறக்காது! வியாபாரிகளிடமும் நகைச்சுவை உண்டு என்பதற்கு இது சான்று.

ஆனால் ஏழை வீட்டுப் பையன் கைக்கு இவை எட்டியது பின்னால்தான். 1939-ஆம் ஆண்டு ரப்பர் பொம்மைகள் செய்யத் தொடங்கிய ஏர்ஃபிக்ஸ் கம்பெனி, 1952-ஆம் ஆண்டு 'கோல்டன் ஹைண்ட்' என்னும் பழங்காலக் கப்பலின் பாகங்களைப் பிளாஸ்டிக்கில் வார்த்தது. வுல்வொர்த் கடைக்காரர்கள், விலை இரண்டு ஷில்லிங்காக இருந்தால் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். அட்டைப் பெட்டி போட்டால் அந்த விலைக்குக் கட்டாது. ஆகவே பாகங்களைப் பிளாஸ்டிக் பையிலிட்டு, வாயை ஒரு மடித்த காகிதத்தால் மூடி, அந்தக் காகிதத்தின் பின்புறத்திலேயே பூட்டும் முறையையும் அச்சிட்டுவிட்டார்கள். படம், பெயர், மூடி, பாடம் எல்லாம் ஒரே தாள். சரக்கைவிட உறைக்குச் செலவு மிஞ்சக்கூடாது என்பதை அறிந்த சிவகாசிக்காரருக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. விமானங்களும் அதே வழியில் வந்தன. பையன்கள் வாரக் கைச்செலவை மிச்சம் பிடித்து வாங்கக்கூடிய விலை! பல நாட்டுச் சிறுவர்கள் விமானத்தின் உறுப்புகளைப் பெயர் சொல்லி அறிந்தது அந்த மலிவினாலேயே என்று நான் கருதுகிறேன். நம் நாட்டிலோ, தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் சேர்ந்தவர்களுக்கு மாதிரி செய்தல் ஒரு பாடமாகவே அமைந்தது. மற்றவர்கள் கடைத்தெருவை நம்பவேண்டியிருந்தது.

முதன்முதலாக ஒரு மாதிரியைக் கட்ட விரும்பும் மாணவனுக்கு நான் சொல்வது 'டைகர் மாத்'. மலிவான கிட்டுகளில் அது கிடைக்கும். அதைவிட முக்கியமான காரணம், அது ஓர் உபாத்தியாயர் விமானம்.

இங்கிலாந்தின் டி ஹாவிலண்ட் கம்பெனி செய்த இந்த விமானம் 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள் முதலில் பறந்தது. எட்டாயிரத்துக்கு மேற்பட்டவை கட்டப்பட்டன. இந்திய விமானப்படையிலும் நம் நாட்டுப் பறக்கும் சங்கங்களிலும் எண்ணற்றவர்கள் இதில் பயின்றனர். 1951-ஆம் ஆண்டு பெங்களூரில் நம்மவர் வகுத்த எச்.டி.-2 பயிற்சி விமானம் பறக்கத் தொடங்கிய பின்னரே இதன் இடம் மெல்ல மெல்ல மாறியது. இதற்கு மூத்தது 'ஜிப்சி மாத்'. 1930-ஆம் ஆண்டு ஆகா கான் பரிசுக்காக இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியே பறக்க முயன்ற இளைஞர்கள் அதைத்தான் ஓட்டினர். எதிரெதிர்த் திசையில் பறந்த ஜே.ஆர்.டி. டாட்டாவும் ஆஸ்பி எஞ்சினியரும் எகிப்தில் அபூகிர் என்னுமிடத்தில் சந்தித்தனர். ஆஸ்பிக்கு எஞ்சினின் ஸ்பார்க் பிளக் தேவைப்பட்டது. டாட்டா தம்மிடமிருந்ததைக் கொடுத்தார். பரிசை வென்றவர் ஆஸ்பி! பின்னாளில் அவர் நம் விமானப்படையின் தலைமைத் தளபதியுமானார்.

டைகர் மாத்தில் இரு இருக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளன. முன்னே அமர்பவர் ஆசிரியர். பின்னே அமர்பவன் மாணவன். இருவருக்கும் இடையே ஒரு பேச்சுக்குழாய். ஆசிரியர் சொல்வது மாணவன் காதில் விழும். தனியே பறக்கும் நாள் வந்ததும் முன் இருக்கை காலியாகிவிடும். மாணவன் தன் பழைய இடத்திலேயே பின்னால் அமர்ந்து பறப்பான். முப்பது ஆண்டுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில், இதைவிட நல்ல இருக்கை ஏற்பாட்டை நான் கண்டதில்லை.

இப்போது பொட்டலத்தைப் பிரிப்போம். உண்மையான டைகர் மாத்தின் இறக்கை அகலம் 29 அடி 4 அங்குலம். நீளம் 23 அடி 11 அங்குலம். எழுபத்திரண்டால் வகுத்தால் அகலம் 124 மில்லிமீட்டர், நீளம் 101 மில்லிமீட்டர். உள்ளங்கையில் அடங்கும். ஒரு தீக்குச்சியின் கனம் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர். இந்த விகிதத்தில் அது பதினாலரை சென்டிமீட்டர் தூணாகும். விமானத்தில் அத்தனை பருத்த கால் கிடையாது. ஆகவே கிட்டிலுள்ள இறக்கைக் கால்கள் தீக்குச்சியைவிட மெலிந்திருக்கும், ஒடியும். அவற்றைச் சட்டத்திலிருந்து முறுக்கிப் பிய்க்கக்கூடாது. கூரிய கத்தியால், பாகத்தை ஒட்டி வெட்டாமல் சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சத்தை நுண்ணிய உப்புத்தாளால் தேய்க்கவேண்டும்.

பசையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். நம் பக்கத்தில் பசை என்றால் மாவில் காய்ச்சியது. காகிதத்துக்கும் காகிதத்துக்கும் நடுவே நின்று இரண்டையும் பிடித்துக்கொள்வது. பிளாஸ்டிக் மாதிரிக்கான பசை வேறு வகை. அது பாகங்களின் விளிம்புகளைக் கரைத்து ஒன்றாக்கிவிட்டுத் தான் ஆவியாகிப் போய்விடும். கொல்லன் இரும்பைப் பற்றவைப்பது போன்ற செயல் அது. எனவே அதிகம் பூசினால் பலம் மிகாது. பாகந்தான் உருகிக் கெடும். முதலில் பசையில்லாமல் சேர்த்துப் பார்த்து, இடைவெளி இருந்தால் தேய்த்துச் சரிசெய்து, பிறகே ஊசிமுனையால் தொட்டு வைக்கவேண்டும். அந்த ஆவி எளிதில் தீப்பற்றக்கூடியது. சன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்; விளக்கோ அடுப்போ பக்கத்தில் வேண்டாம். வெடிமருந்தோடு வாழும் ஊர்க்காரர்களுக்கு இதை இரண்டாம் முறை சொல்லத் தேவையிராது.

உடல் பாகங்கள் இரண்டையும் ஒட்டும் முன்பே உள்ளே இருக்கைகளை வைத்து வண்ணம் பூசிவிடவேண்டும். அதன்பின் கீழ் இறக்கை, வால், சக்கரங்கள். இவற்றில் அதிகச் சிரமமில்லை.

சிரமமெல்லாம் மேல் இறக்கையில். எட்டுக் கால்களும் ஒரே நேரத்தில் எட்டுக் குழிகளில் அமரவேண்டும். ஒன்றை வைத்தால் மற்றொன்று நழுவும். இங்கேதான் தீப்பெட்டி மறுபடியும் உதவிக்கு வருகிறது. அட்டையை வெட்டி ஒட்டி, கீழ் இறக்கையின் இருபுறமும் சம உயரமுள்ள தாங்கிகள் செய்து நிறுத்துங்கள். மேல் இறக்கையை அவற்றின்மேல் படுக்கவைத்தால் கைகள் விடுபடும். கால்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் நுழைக்கலாம். தாங்கிகளை ஒரு நாள் முழுவதும் எடுக்காதீர்கள்.

மேல் இறக்கையைப் பொருத்தும்போது ஒன்றைக் கவனிப்பீர்கள். அதன் நடுப்பகுதி முன் இருக்கைக்கு மேலே நேராக இல்லாமல் முன்னால் தள்ளி நிற்கிறது. இறக்கையின் இரு பகுதிகளும் அங்கிருந்து சற்றே பின்னோக்கிச் சாய்ந்திருக்கின்றன. இது அழகுக்காகச் செய்ததன்று. ஜிப்சி மாத்தில் முன் இருக்கை இறக்கைக் கால்களுக்கு நடுவே, மேல் இறக்கைக்கு நேர் கீழே சிறைப்பட்டிருந்தது. பாரசூட்டைக் கட்டிக்கொண்டு ஆபத்தில் வெளியே குதிக்கவேண்டிய ஆசிரியரால் எளிதில் ஏற முடியவில்லை. ஆகவே நடுப்பகுதியை முன்னால் தள்ளினார்கள். தள்ளியதால் விமானத்தின் சமநிலை கெட்டது. அதைச் சரிக்கட்ட இறக்கைகளைப் பின்னால் சாய்த்தார்கள். ஓர் ஆசிரியர் உயிர்தப்பவேண்டும் என்பதற்காக ஒரு விமானத்தின் உருவமே மாறியது! அளவு மாதிரியில் இச்சாய்வை நேராக்கிவிட்டால் அந்த வரலாறும் அழிந்துவிடும்.

அடுத்து கம்பிகள். முதல் மாதிரியில் கம்பியை விட்டுவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அவ்வாறு சொல்லமாட்டேன். கம்பியில்லாத இரட்டை இறக்கை விமானம் குறுக்குச் சட்டமில்லாத பாலத்துக்கு ஒப்பாகும். கீழ் இறக்கை உடலைச் சந்திக்கும் இடத்திலிருந்து மேல் இறக்கையின் வெளிப்புறக் கால் உச்சிக்குச் செல்பவை பறப்புக் கம்பிகள். ஆகாயத்தில் இறக்கைகள் மேலே மடங்கிவிடாமல் பிடிப்பவை. எதிர்த்திசையில் மேல் நடுவிலிருந்து கீழ் வெளிப்புறத்துக்கு வருபவை இறக்கக் கம்பிகள். தரையில் நிற்கும்போது இறக்கைகள் தொங்காமல் தாங்குபவை. பறக்கும்போது முன்னவை விறைக்கும், தரையில் பின்னவை. எந்த நூலைக் கட்டலாம் என்றால், தையல் நூல் பருமன். தலைமயிர் ஒன்றை எடுத்து எழுபத்திரண்டால் பெருக்கிப் பாருங்கள்: ஏறக்குறைய ஐந்து மில்லிமீட்டர். உண்மைக் கம்பியின் பருமனுக்கு அது மிகவும் நெருங்கியது. வீட்டில் அக்காளோ அத்தையோ தலைவாரும்போது சீப்பில் சிக்கிய ஒரு நீண்ட மயிர் போதும், காசும் செலவில்லை.

இந்த மாதிரி பறக்குமா என்று சிறுவர்கள் கேட்பது வழக்கம். உண்மை விமானத்தின் காலி எடை 506 கிலோ. எல்லா அளவும் எழுபத்திரண்டில் ஒன்றாகும்போது எடை 3,73,248-இல் ஒன்றாகவேண்டும். அப்படியானால் மாதிரி ஒன்றரை கிராமுக்கும் குறைவாக இருக்கவேண்டும்! பிளாஸ்டிக் மாதிரி அதைப்போல் பல மடங்கு கனக்கும். ரைட் சிறுவர்களைத் திகைக்கவைத்த அதே கணக்கு இங்கே மறுபக்கத்திலிருந்து வருகிறது. பெங்குவின் என்று பெயர் வைத்தவர் அறிந்துதான் வைத்தார்.

கிட்டைப் பூட்டுவதில் சொந்த அறிவு எங்கே இருக்கிறது, பிறர் வெட்டிய துண்டுகளை ஒட்டுவது ஒரு கல்வியா என்று ஆசிரியர்கள் சிலரே என்னிடம் கேட்டதுண்டு. இக்கேள்வியை நம் ஊரில் கேட்கும்போது அதற்குத் தனிக் கூர்மை வந்துவிடுகிறது. 1922-ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். மறு ஆண்டு இங்கே அத்தொழில் தொடங்கிற்று. விருதுபட்டி விருதுநகரானதும் அதே 1923-தான். மழை குறைந்த கரிசல் மண்ணில் பசித்த குடும்பங்களுக்கு அது சோறு போட்டது. அதே தொழில் நெடுங்காலம் சிறுவர் சிறுமியரின் விரல்களை வாங்கிக்கொண்டதையும் மறைப்பதற்கில்லை. பெட்டி ஒட்டிய கைகளும் கட்டை அடுக்கிய கைகளும் சிலேட்டைத் தொடவில்லை. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் பதினான்கு வயதுக்கு உட்பட்டோரைத் தீப்பெட்டி, வாணவெடித் தொழில்களில் அமர்த்தக்கூடாதென விலக்கியது. 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றமும் சிவகாசி வழக்கில் கண்டிப்பான தீர்ப்பளித்தது. அந்த ஆண்டுகளில் பள்ளிக்கு மீண்டு வந்த பிள்ளைகள் சிலர் என் வகுப்பில் இருந்தனர். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறிய அவர்கள், அட்டை வேலை வகுப்பில் மற்ற எவரையும்விட நேராக மடித்தார்கள்; விளிம்போடு விளிம்பு பிசகாமல் சேர்த்தார்கள். ஒட்டுகிற கை ஒன்றேதான். குரோஸ் கணக்கில் கூலிக்கு ஒட்டியபோது, ஆயிரமாவது பெட்டி முதற்பெட்டிக்கு மேல் எதையும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. எதிரே ஒரு வரைபடத்தை வைத்து, இது ஏன் இங்கே வருகிறது என்று கேட்டபோது, அதே விரல்கள் கேள்வி கேட்கத் தொடங்கின. மேல் இறக்கை ஏன் சாய்ந்திருக்கிறது என்று முதலில் என்னைக் கேட்டவன் அப்படி மீண்டு வந்த ஒரு பையனே. வேறு புத்தகம் தேடிப் படித்துத்தான் அவனுக்கு விடை சொன்னேன்.

ஆதலால் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு யோசனை. வாழ்த்து அட்டையும் நாட்காட்டியும் அச்சாகும் நகரம் நம்முடையது. விமானத்தின் பாகங்களை அட்டைத் தாளில் அளவோடு அச்சிட்டு, பின்புறத்தில் பூட்டும் முறையைத் தமிழில் தந்தால், இரண்டு ஷில்லிங் கப்பலைவிட மலிவாக ஒரு மாதிரி நம் பிள்ளைகள் கைக்குக் கிடைக்கும். காகிதத்தில் செய்தால் எடையும் குறையும். ஒருவேளை பறக்கவும் கூடும்.

இனி வண்ணம். பயிற்சி விமானங்கள் தொலைவிலிருந்தே தெரியவேண்டும் என்பதற்காக மஞ்சள் பூசப்பட்டன. மஞ்சள் ஒரே பூச்சில் மூடாது. மெல்லியதாக மூன்று முறை, ஒவ்வொன்றும் காய்ந்தபின் பூசவேண்டும். இறக்கைகளின் உட்புறங்களை அவற்றைப் பூட்டும் முன்பே பூசிவிடுங்கள். பிறகு தூரிகை நுழையாது. எழுத்துகள் அச்சிட்ட தாளை ஒரு நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, வழுக்கி இறக்கையின்மேல் ஏற்றுவது கடைசி வேலை. நம் நாட்டு விமானமாகக் காட்ட விரும்பினால் வி, டி என்னும் இரு ஆங்கில எழுத்துகளில் பதிவெண் தொடங்கவேண்டும். சங்கத்து டைகர் மாத் முதல் இன்றைய பெரும் பிரயாணி விமானம் வரை அதுவே வழக்கு. ஈரம் உலர்ந்ததும் மாதிரியைக் கண்ணாடி அலமாரியில் வையுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே மேசைமேல் வைத்தால், கம்பியாகக் கட்டிய மயிர் மறுநாள் காலையில் இராது.